நூர்க்கச் சொன்ன விளக்கு

ஐம்பதை நெருங்கும் வயதில் யாரையும் சோதனை எழுத வைக்கக் கூடாது. வேலை செய்த ஃபாக்டரியை மூடியதும், வேறு வழியில்லாமல் எனர்ஜி அட்வைசருக்குப் படித்தேன். ஒரு வீட்டின் சூடு எங்கே வீணாகிறது என்று கண்டு சொல்லும் வேலை. எழுத்துச் சோதனையில் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். இனி, பரிசோதகர் பக்கத்தில் நின்று பார்க்க, ஒரு வீட்டை முழுதாகச் சோதித்துக் காட்ட வேண்டும். அதில் கோட்டை விட்டால் சான்றிதழ் இல்லை, வேலையும் இல்லை.

வீடு நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்தது. நவம்பர் மாதக் காலை, வானம் அழுது வடிந்தது. கதவைத் திறந்த வயதான பெண்மணி எங்கள் ஆள், ஈழத்தமிழர், என்று கண்டதும் மகிழ்ந்தேன். உள்ளே போனதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. முன்னறையில் ஒரு வெறுங்கட்டில், தலைமாட்டில் மாலை போட்ட படம், அதன் முன்னே விளக்கு. கணவர் இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு இன்னும் முடியவில்லை.

“அவர்தான் உங்களுக்குப் போன் அடிச்சு வரச்சொன்னவர். மறிக்க எனக்கு மனம் வரேல்லை” என்றார் அந்த அன்ரி.

வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்போம். அப்போது ஓட்டை உள்ள இடமெல்லாம் வெளிக்காற்று உள்ளே வரும். அதற்கு முன் வீட்டில் நெருப்பு எதுவும் எரியக் கூடாது என்பது விதி. பரிசோதகர் விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நூர்ப்பது, அதாவது அணைப்பது, நாங்கள் நாளாந்தம் புழங்கும் சொல்தான். அந்தியேட்டிவரை எரிய வேண்டிய விளக்குக்கு முன்னால் அது என் வாயில் வரவில்லை.

“அன்ரி, உந்த விளக்கை... கொஞ்ச நேரம்...” என்று இழுத்தேன். ஒரு துண்டுக் கடதாசிக்காக இதைக் கேட்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

“நூர்க்கவோ?” என்று அவரே கேட்டார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவர் ஆசைப்பட்டுக் கூப்பிட்டது. செய்யுங்கோ தம்பி.”

ஒரு பூவை எடுத்துத் திரியின்மேல் வைத்தார். அறை இருண்டது.

விசிறியை ஓடவிட்டு, சுவரோரமாகக் கையை வைத்துக்கொண்டு போனேன். கண்டதைச் சொல்லலாம், எதையும் திருத்தக் கூடாது, திருத்தினால் தேற முடியாது என்று பரிசோதகர் காலையிலிருந்தே ஓதிக்கொண்டிருந்தார். கட்டிலின் தலைமாட்டில், பிளக் பெட்டிக்குப் பக்கத்து வெடிப்பில், காற்று ஐஸாக என் விரலில் அடித்தது. சரியாகத் தலையணை உயரம். அன்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் உள்ளங்கையை அதில் வைத்தார், எடுக்கவில்லை.

“குளிருது குளிருது எண்டு ஒவ்வொரு நாளும் சொன்னவர். நோய் வருத்தத்தாலை எண்டு நினைச்சு நான் இன்னொரு சுவெற்றரைப் போட்டுவிட்டன். கடைசியிலை சொல்லுறதையே விட்டுட்டார்.”

விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைப் பார்த்து முடித்தோம். பிழை எதுவும் விடவில்லை. பரிசோதகர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நான் நெருப்புப்பெட்டியை எடுத்து அன்ரியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“முதல்லை உந்த வெடிப்பை அடையுங்கோ தம்பி. அவருக்குக் குளிரும்.”

பரிசோதகரின் பேனா அப்படியே நின்றது. நான் பையிலிருந்து வெடிப்பில் ஒட்டும் ரேப்பை எடுத்துக் கட்டிலருகே முழந்தாளிட்டேன்.