மைமூனா சிஸ்டரின் கண்

மைமூனா சிஸ்டர் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால், தாய்மார்கள் பிள்ளைகளைத் தலை முக்காட்டுக்குள் இழுத்து மூடிக்கொள்வார்கள். தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அவளுடைய பாலியேட்டிவ் வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் மௌத்து விழும் என்று மலப்புறத்தில் அவர்கள் ஊர்ப் பக்கம் பேச்சு. சாவு நெருங்கிய வீடாகப் பார்த்துத்தான் வண்டி நிற்கிறது என்று சொன்னால் யார் காதிலும் ஏறாது. வலி தாங்காதபோது மட்டும் அதே வண்டிக்குத்தான் போன் வரும். அதனால் அவள் வண்டியைப் பள்ளிவாசல் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போவாள்.

அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. பயிற்சியின்போது டாக்டர் ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு வருஷத்துக்குள் இந்தக் குழந்தை போய்விட்டது என்று கேள்விப்பட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்குமா? இருக்காது என்று மனசு சொன்னால், அன்றைக்கே அந்தக் குழந்தையைத் தங்கள் பராமரிப்பில் சேர்க்க வேண்டும். வலிக்கு என்ன, மூச்சு முட்டினால் என்ன, கடைசியில் வீடா ஆஸ்பத்திரியா என்று பெற்றவர்களோடு முன்கூட்டியே பேச வேண்டும். வேலைக்கான கேள்விதான், ஆனால் அது அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பிரியாணிப் பந்தியில் எதிரே உட்கார்ந்த பிள்ளையின் விலா ஏறி இறங்கும். கேள்வி வந்து நிற்கும். போன பிள்ளைகள் தூக்கத்தில் வருவார்கள். எதுவும் கேட்க மாட்டார்கள், சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தங்கை ஷாஹிதாவின் மகன் ஹாதிக்கு ஐந்து மாதம். போட்ட இடத்தில் கிடந்தபடி எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். அப்பனைப் போலவே சோம்பேறி என்று வீடே கேலி பேசியது. மைமூனா ஒருநாள் தூக்கியபோது ஈரத்துணி போலக் கையில் தொய்ந்தான். அழ வாய் திறந்தான். நாக்கில் ஓயாத ஒரு துடிப்பு. நெஞ்சு அசையவில்லை, வயிறுதான் மூச்சு வாங்கியது. ஷாஹிதாவின் மூத்த பெண்ணும் இப்படித்தான் இருந்தாள். ஒரு வயது முடியுமுன்னே நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐ.சி.யு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தாள். பெற்றவளைக் கடைசிவரை உள்ளே விடவில்லை.

மெடிக்கல் காலேஜில் ஒருமுறை காட்டலாமே என்று மட்டும் மைமூனா சொன்னாள். அக்காவை முறைக்க ஷாஹிதாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"இத்தா, அந்தக் கண்ணோட எம் பிள்ளையப் பாக்காதீங்க."

மைமூனா போவதை நிறுத்திக்கொண்டாள். நோன்பு திறக்கக் கூப்பிட்டும் போகவில்லை. சொன்னால் தங்கை இல்லை. சொல்லாவிட்டால் இன்னொரு கண்ணாடிச் சுவர். வாரக்கணக்கில் இரண்டுக்கும் நடுவில் கிடந்து புழுங்கினாள்.

ஹாதிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்ட பகலில் அவளால் இருப்புக்கொள்ளவில்லை. தங்கையின் மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போய்ச் சொல்லியே விட்டாள். மூத்தவளுக்கு வெறும் நிமோனியா இல்லை, அடியில் தசையெல்லாம் தளர்ந்துபோகும் வேறு நோய் இருந்தது, இவனுக்கும் அதுதான் போலிருக்கிறது, இன்றைக்கே காட்ட வேண்டும். மருந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இந்த முறை அவன் யார் மடியில் இருக்க வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லை.

ஷாஹிதா அழவில்லை. "இத நர்ஸா சொல்றீங்களா, இத்தாவா சொல்றீங்களா?"

"இத்தாவா மட்டும் இருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்டீ."

ஷாஹிதா பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள். "மூத்தவளையும் நீங்க தூக்கித் தூக்கிக் கொஞ்சுனீங்களே. அப்பவே தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரிஞ்சுது," என்றாள் மைமூனா.

ஷாஹிதா ஹாதியை அவள் மடியில் கிடத்திவிட்டு, எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மடியில் கிடந்தவன் மைமூனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.