படையலில் வைத்த ஜாங்கிரி

அப்பா இறந்த வாரம் அம்மா அழவில்லை. பேசவுமில்லை. தட்டில் போட்ட சோறு வைத்தபடியே காய்ந்து கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு பயத்தை எங்கள் தலையில் கொட்டிவிட்டுப் போனார்கள். "எப்படியாச்சும் அழ வச்சிடுங்க, இல்லாட்டி நெஞ்சடைச்சிடும்" என்றாள் சித்தி. அழ வைப்பதற்கு அம்மா என்ன கைக்குழந்தையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான். அப்பா பின்னாலேயே இவளும் போய்விடுவாளோ?

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ஜாங்கிரி என்றால் உயிர். உரம் வாங்கத் தஞ்சாவூர் போனால், கடையில் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"சொல்லுங்க, எத்தனை?"

"சத்தியமா ஒண்ணுதான்."

அதுவும் பொய். கல்யாணப் பந்தியில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் இலையில் விழும் இனிப்பைத் தன் இலைக்கு எடுத்துக்கொள்வாள். அவர் பாவமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எட்டாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். தம்பி ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிவந்து, அப்பா படத்துக்கு முன்னால் போட்ட இலையில் மூன்றை வைத்தான். சூடம் கொளுத்தப் போகும்போது அம்மா மூலையிலிருந்து எழுந்து வந்தாள். இரண்டை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டாள்.

"ஒண்ணு போதும். சுகர் ஏறிடும்."

தம்பி என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சாவு வீட்டில், படையலுக்கு முன்னால், பெற்ற மகள் சிரிக்கிறேன். சித்தி முறைத்தாள்.

"என்னடி இளிப்பு?" என்றாள் அம்மா.

"இனிமே எங்கேம்மா ஏறப்போவுது?"

அம்மா தன் விரலில் ஒட்டியிருந்த பாகைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். பாவி மனுஷி, அவ்வளவையும் எங்கே வைத்திருந்தாளோ.

அழுது ஓய்ந்தபின் டப்பாவை இழுத்து, மிச்சமிருந்த ஜாங்கிரி முழுவதையும் இலையில் கவிழ்த்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள், படத்தைப் பார்த்து. "இனிமே நான் கேக்க மாட்டேன்."