பந்தயக் கடைக்கு நான் வைத்த கையெழுத்து

ஜேர்மனியின் எசன் நகருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு விண்ணப்பங்களை எல்லாம் நிரப்புவது நான்தான். கணவருக்கு அந்நாட்டு டொச் மொழி எழுத வராது என்று நம்பி, அவருடைய கையெழுத்தையும் நானே வைத்துவிடுவேன்.

உதைபந்தாட்டப் பந்தயத்தில் அவர் சம்பளத்தைத் தொலைக்கத் தொடங்கியபோதும் அதையே செய்தேன். "என்னை இனி விளையாட விடாதீர்கள்" என்று அவர் பெயரில் பந்தயக் கடைக்குக் கடிதம் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். கடை முதலாளி சிரித்தபடி வாங்கினார். அடுத்த சனிக்கிழமையே என் கணவருக்குக் கோப்பி கொடுத்து உட்காரவைத்தார்.

சேமிப்பெல்லாம் கரைந்தபின் நட்டஈடு கேட்கச் சட்டத்தரணியிடம் போனோம். "தடை கேட்டவரை விளையாட விட்டால் கடையைப் பொறுப்பாக்கப் பார்க்கலாம். ஆனால் தடை கேட்டது இவரா, நீங்களா?" என்றவர், தான் கேட்டுக் கடை அனுப்பிய இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. மற்றது கடையின் வாடிக்கையாளர் அட்டைக்கான விண்ணப்பம். அதைக் கணவரே பிழையில்லாத டொச்சில் நிரப்பிக் கையெழுத்து வைத்திருந்தார்.

"அப்ப கடிதத்துக்கு மட்டும் உங்களுக்குக் கை ஏலாமல் போச்சோ?" என்று கேட்டேன்.

"நீர்தானே எல்லாம் எழுதுறனீர்" என்றார், வெட்கமில்லாமல்.

தடை கேட்டது அவரில்லை என்றானதால் வழக்கு அங்கேயே முடிந்தது. என் கையெழுத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த முதலாளிக்கு, கண்முன்னால் ஒரு குடும்பம் அழிவது மட்டும் தெரியவில்லையாம்!

இப்போது நான் யாருக்காகவும் கையெழுத்து வைப்பதில்லை. புதிய தடைக் கடிதத்தையும் பேனையையும் கணவர் முன்னால் வைத்தேன். பந்தயச் சீட்டை ஒரு நிமிடத்தில் நிரப்பும் அந்தக் கை, தன் பெயரை எழுத்தெழுத்தாக மெல்ல எழுதியது.