கிணற்றைக் குறிக்காத வரைபடம்

செய்தி வந்தபோது நான் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். போனை எடுத்தால் ஏழுமலையின் மகள் செல்வி. "சார், அப்பா போயிட்டாருங்க. காலையில டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. உங்களுக்குத் தாக்கல் சொல்லணும்னு எப்பவோ சொல்லி வெச்சிருந்தாரு" என்றாள். வருகிறேன்மா என்றேன். பிறகு ரசம், பாயசம், மோர் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏழுமலை விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

சங்கராபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் நில அளவை வேலை பார்த்த உங்களில் பலருக்கு ஏழுமலையைத் தெரியும். செயின்மேன். சர்வேயருக்கு முன்னால் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் இறங்கி, நாடாவின் மறுமுனையைப் பிடித்து நிற்கிற ஆள். நான் சர்வேயர். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே நாடாவின் இரண்டு முனையிலும் நாங்கள் நின்றோம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று ஓய்வு பெற்றோர் கூட்டத்து நண்பர் கேட்டார். நல்லதுக்கு என்ன பஞ்சம், அவரிடம் அது நிறையவே இருந்தது. ஆனால் என் யோக்கியதையை மறைத்துவிட்டு அவர் பெருமையை மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய் ரிப்போர்ட்டாகத்தான் இருக்கும்.

முதலில் நல்லது. கல்வராயன் மலையில் ஒரு முறை எல்லைத் தகராறு அளக்கப் போனோம். கீழேயிருந்து வந்து நிலம் வாங்கிய ஒருவர், மலைக்காரர் வீட்டின் பாதி தன் எல்லைக்குள் வருகிறது என்று கல்லைக் காட்டினார். அளவும் அவர் சொன்னபடியே வந்தது. நான் நோட்டை மூடப் போனேன். ஏழுமலை உட்கார்ந்து கல்லின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "சார், இந்த மண்ணு இன்னும் எறுகல. போன மழைக்கு அப்புறம் நட்ட கல்லுங்க. கல்லு பொய் சொல்லாது, நட்டவன்தான் சொல்லுவான்" என்றார். நிலம் வாங்கியவர் முறைத்தார். ஏழுமலை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எழுந்து, "இன்னா மொறைக்கிறீங்க? பழைய குழி எங்க கீதுன்னு நான் காட்டட்டுமா?" என்றார். காட்டவும் செய்தார். மலைக்காரர் வீடு தப்பியது. அடுத்தவன் வீடு என்றால் ஏழுமலைக்கு அப்படி வாய் வரும்.

தன் வீடு என்று வந்தபோதுதான் அவருக்கு வாய் வரவில்லை.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிற பழைய விமான மைதானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகப்போர் நடந்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ஏறி இறங்கிய இடம் என்பார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் கிடக்கிறது. அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் சாத்தன்கொட்டாய் என்று முப்பது நாற்பது குடிசை இருந்த ஊர் இருந்தது. ஏழுமலையின் அப்பா அங்கே பிறந்தவர். நிலம் வேறொருவர் பேரில் இருந்தது, குடியிருந்தவர்கள் கூலிக்காரர்கள். நிலத்துக்காரர் பெயர் தாளில் ஏறியது. குடியிருந்தவர்கள் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

சண்டை முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜனங்கள் அதை அப்படியே நம்பினார்கள். திரும்பி வரப் போகிறோமே, அம்மியையும் உரலையும் எதற்குச் சுமப்பது என்று எல்லா வீட்டு அம்மி உரலையும் உருட்டிக்கொண்டு போய் ஊர்க் கிணற்றில் இறக்கினார்கள். யாரும் திருடிக்கொண்டு போக முடியாது, வந்து கயிறு கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அம்மன் கல்லையும் அதே கிணற்றில்தான் இறக்கினார்கள், அவளுக்கு இடமாற்றம் வேண்டாம் என்று. பிறகு களமருதூர்ப் பக்கம் போய்ப் புறம்போக்கில் ஒண்டினார்கள். மறு வாரமே அவர்களைத்தான் கல் சுமக்கக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். "எங்க வூட்டு மேல எங்கப்பனே ஜல்லி கொட்டுனாருங்க சார். கெணத்த மூடுற அன்னிக்கு மட்டும் வேலைக்குப் போவலியாம்" என்று ஏழுமலை சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கும் சிரிப்பாக இருந்தது அப்போது, பாவி!

அந்த ஓடுபாதையில் கால் வைக்கும் முன் ஏழுமலை செருப்பைக் கழற்றிவிடுவார். சித்திரை வெயிலில் கான்கிரீட் தோசைக்கல்லாகக் காயும், அப்போதும் கழற்றுவார். கால் வெந்துபோகும் ஐயா, போட்டுக்கொள்ளும் என்று நான் கத்தியிருக்கிறேன். "வூட்டுக்குள்ள செருப்போடயா போவாங்க?" என்பார். சுற்றுவட்டாரத்துக்காரர்கள் அங்கே மல்லாட்டைக் கடலையும் சோளமும் காயவைப்பார்கள். ஒரு பெண்மணியிடம், "ஏம்மா, எங்க அடுப்பங்கரையில காய வெச்சிக்கினு கீறியே, ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அந்த அம்மாளும் சளைக்காமல், "சோறாக்கி வெய்யி, சாப்ட்டுட்டுப் போறேன்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாத்தன்கொட்டாய்க்காரர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சேர்ந்து ஒரு மனு போட்டார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் வீட்டுமனை கொடுங்கள், இல்லாவிட்டால் அம்மன் இருக்கிற இடத்தையாவது அளந்து விடுங்கள் என்று. அப்படி ஓர் ஊர் இருந்ததா என்றே மேலே இருந்தவர்களுக்குச் சந்தேகம். போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடு என்று என்னை அனுப்பினார்கள். நாடா பிடிக்க வந்தவர் ஏழுமலை. மனுவில் அவர் கையெழுத்தும் இருந்தது.

மூன்று ஊர் எல்லை கூடுகிற கல்லிலிருந்து அளந்துகொண்டு போனோம். ஓடுபாதையின் வடக்கு ஓரம், கான்கிரீட் முடிந்து கருவேலம் தொடங்குகிற இடத்தில் நின்றார். கடப்பாரையால் தட்டினார். மற்ற இடத்தில் 'டங்'கென்று கேட்டது, அங்கே 'தொம்'மென்று கேட்டது. மண்ணைத் தள்ளினார். வளைவாகச் செங்கல் வரிசை, சுண்ணாம்புப் பூச்சு. கிணற்றின் விளிம்பு. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "சார், இதாங்க. அம்மி, உரலு, எங்க அம்மன் எல்லாம் இதுக்குள்ளதான் கீது. ஒரு வட்டம் போட்டு கெணறுன்னு எழுதிடுங்க, போதும்" என்றார். வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் போடவில்லை. கிளம்பும் முன்பே மேலதிகாரி சொல்லியிருந்தார்: "அந்த இடத்துக்கு வேற திட்டம் இருக்கு. நீ ஒரு அடையாளம் எழுதுனா அத வெச்சிக்கினு கோர்ட்டுக்குப் போவானுங்க. உன் பிரமோஷன் ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு." மறைமுகமாகச் சொல்லும் பழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது. கருவேல நிழலில் உட்கார்ந்து, ஏழுமலை தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் எழுதி முடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் முழுக் கிணற்றை மூன்று வரியில் மறைத்தேன். தண்ணீர்ச் செம்பை நீட்டியவர் நோட்டைப் பார்த்தார். தலைகீழாகக்கூட என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர். "குடிங்க சார், வெயிலு ஜாஸ்தி" என்றார். பிறகு தள்ளிய மண்ணைக் காலாலேயே மூடினார்.

மனு தள்ளுபடியானது, என் ரிப்போர்ட்டைக் காட்டி. எனக்குப் பதவி உயர்வு வந்தது. மேலதிகாரி சொன்ன அந்த வேறு திட்டம் எந்தக் காலத்திலும் வரவில்லை. மைதானம் இன்றும் சும்மாதான் கிடக்கிறது. நான் அப்படி எழுதிய மறுநாள் காலையிலும் ஏழுமலை வழக்கம்போல வந்து கடப்பாரையைத் துடைத்து வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஓய்வு பெறும் நாள்வரை "வாங்க சார்" என்றே கூப்பிட்டார்.

காரியத்துக்குப் போனேன். களமருதூரில் இன்னும் அதே புறம்போக்கு, அதே தகர வீடு. செல்வி உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து லேமினேட் செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். என் ரிப்போர்ட்டின் நகல். கீழே என் வரைபடம், என் கையெழுத்து. 'சாத்தன்கொட்டாய் எனச் சொல்லப்படும் இடம் நேரில் பார்வையிடப்பட்டது. வெற்றுத் தரிசு. கிணறோ கட்டுமானமோ இருந்ததற்கான அடையாளம் ஏதுமில்லை.'

"இத எதுக்கும்மா வெச்சிருந்தார்?" என்றேன்.

"கவர்மெண்ட் பேப்பர்ல எங்க ஊரு பேரு இருக்கிறது இது ஒண்ணுலதாங்க. பேராவது வந்துச்சேன்னு சொல்வாரு."

"அதுக்குக் கீழே எழுதியிருக்கிறது…"

"எங்களுக்கும் படிக்கத் தெரியும் சார்" என்றாள். தாளை என் பக்கம் நீட்டி, "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க. வட்டத்த நீங்களே போட்டுத் தருவீங்கன்னு சொன்னாரு" என்றாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் உங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் எந்தக் கோர்ட்டிலும் காட்டட்டும்: ஓடுபாதையின் வடக்கு ஓரத்தில், கருவேலம் தொடங்குகிற இடத்தில் கிணறு இருக்கிறது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இல்லை என்று எழுதினேன்.

ஏழுமலையிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும். வீட்டுக்கு வந்ததும் மேசையில் வைத்து, பேனாவை எடுத்து, கிணறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். பிளாஸ்டிக் மேல் மை ஒட்டவில்லை. அழுத்திப் போட்டேன், விரல் பட்டதும் அழிந்துபோனது. அடியில் என் கையெழுத்து மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பத்திரமாக இருக்கிறது.