சாக்குருவிக்கு நட்ட கம்பு

பூச்சி மருந்து அடிக்கிறவனை யாரும் நல்ல சேதிக்குக் கூப்பிடுவதில்லை. ராஜபாளையத்தில் ஆபீஸ், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பு என்று பைக்கில் சுற்றுகிற பிழைப்பு. ஓட்டையை அடை, ஈரத்தைக் காயவை, பொறி வை, ஒன்றுக்கும் மசியாவிட்டால் கடைசியில் மருந்து. இதுதான் எங்கள் பாடம். கூப்பிடுகிறவர்களோ எடுத்த எடுப்பிலேயே “ஸ்ட்ராங்கா அடிங்க” என்பார்கள். உங்கள் வீட்டிலும் கரப்பான் இருக்கும், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். என் வீட்டிலும் உண்டு. நமக்குள் என்ன ஒளிவுமறைவு!

சொந்தக்காரன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை. அடுப்படியில் எறும்பும் கரப்பானும் கும்மாளம் போடுவதாக முதலாளி அண்ணாச்சி பதறிக்கொண்டு போன் செய்தார். வாசலில் போய் இறங்கினேன். முதுகில் இருந்த ஸ்பிரேயரைக் கண்டதும் மனுசனுக்கு முகமே செத்துவிட்டது. கடையில் கூட்டம் வேறு.

உள்ளே சீனி மூட்டைகள் தரையோடு கிடந்தன. சுவரெல்லாம் விரிசல். மூட்டையைப் பலகைமேல் ஏற்றுங்கள், விரிசலைப் பூசுங்கள், மருந்தே தேவைப்படாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது தோளில் கைபோட்டு, பின்வாசல் வழியாகவே கூட்டிவந்து காதோடு சொன்னார்: “அடுத்த தடவை வண்டியை ரதவீதியில விட்டுட்டு, வெறுங்கையோட சொந்தக்காரன் மாதிரி வாங்க தம்பி.”

புற்று

மம்சாபுரத்தில் ஒரு வீட்டில் பின்வாசல் நிலையைக் கரையான் தின்றிருந்தது. தட்டிப் பார்த்தேன், விரல் உள்ளே போய்விட்டது. கொல்லையில் இடுப்புயரப் புற்று. மஞ்சள், குங்குமம், பக்கத்து வேப்பங்கிளையில் ஒரு மரத்தொட்டில். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! “இதை இடிச்சு ராணிக் கரையானை எடுத்தாத்தாங்க தீரும்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

திரும்பினால், அந்த வீட்டு மருமகள் கையில் பால் செம்போடு நிற்கிறாள். கல்யாணமாகி வெகுகாலமாய்ப் பிள்ளை இல்லையாம். ஊற்றவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. என் நாக்கில் தீயை வைக்க! நிலையைச் சுற்றி மட்டும் துளை போட்டு மருந்து வைத்தேன். மாமியார் வாசல்வரை வந்து சொன்னார்: “நிலை போனா வேற நிலை வைக்கலாம் தம்பி. புத்தைத் தொட்றாதிய. அவ இன்னும் நம்பிட்டிருக்கா.”

எலிக்கு வந்த பறவை

வத்திராயிருப்பில் முத்துலட்சுமி அக்காவுக்கு வீட்டை ஒட்டியே வயல். கதிர் வெளிவரும் சமயம், எலி அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சிறுநீரகம் கெட்டுப் படுத்திருந்தார். நெல் வீடு வந்தால்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தொடர்ந்து போக முடியும். விஷம் வைக்கச் சொன்னார் அக்கா. மயிலும் நாயும் திரிகிற இடம், வேண்டாம் என்று சொல்லி, வளைகளை வெட்டினேன், பொறி வைத்தேன். உச்சியில் குறுக்குக்கட்டை அடித்த கம்பு ஒன்றை வயலில் நட்டேன். அதில் ஆந்தை வந்து உட்காரும், எலியைத் தூக்கும்.

சொன்னபடியே வந்தது. எலியும் குறைந்தது. ஆனால் ஆந்தைக்கு அந்தப் பக்கத்துப் பேரு சாக்குருவி. வீட்டுக்கு நேரே இருந்து அலறினால் எழவு விழும் என்பார்கள். அக்கா போனில் அழுதார், “நோயாளி இருக்க வீட்டுல இப்படிப் பண்ணிட்டியே!” ஓடிப் போனேன். கம்பைப் பிடுங்குகிறேன் என்றேன். அண்ணன்தான் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார்: “எமனுக்கு எங்க வீட்டு வழி தெரியாமலா இருக்கு? நெல்லு தேறட்டும், கம்பு நிக்கட்டும்.”

துட்டி

நெல் தேறிவிட்டது. அறுவடைக்கு முன்னால் அண்ணன் போய்விட்டார்.

துட்டி கேட்கப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், “சாக்குருவிக்குக் கம்பு நட்டது இவன்தாம்லே” என்றார், என் காதில் விழட்டும் என்றே. அது வெறும் பறவை என்று ஊரெல்லாம் பாடம் எடுப்பவன் நான். அன்றைக்கு, அண்ணன் போனது என்னாலோ என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அக்கா முகத்தில் முழிக்கத் தைரியமில்லாமல் நேரே வயலில் இறங்கி, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து ஆட்டினேன்.

பின்னால் வளையல் இல்லாத கை ஒன்று வந்து கம்பைப் பிடித்தது. அக்கா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. திட்டுவார், திட்டட்டும் என்று நின்றேன். நான் ஆட்டியதில் சாய்ந்திருந்த கம்பை நிமிர்த்தினார். பொறவு சொன்னார்: “புடுங்காத தம்பி. அவிய வலியில துடிக்கையில ஊரே உறங்கிக் கெடந்துச்சு. எங்கூட முழிச்சிருந்தது அந்தச் சாக்குருவி ஒண்ணுதான்.”

எலியை விரட்ட எம்புட்டோ வழி சொல்லிக்கொடுத்த எங்கள் தொழிலில், இப்படி ஒரு வீட்டிலிருந்து எந்த முகத்தோடு வண்டியைக் கிளப்புவது என்று மட்டும் ஒருத்தரும் பயிற்சி கொடுக்கவில்லை.