வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்க எலி, அந்தப் பக்கம் அவங்க எலி

வைக்கோல் புகை இன்னமும் என் தொண்டையில நிக்கிற மாதிரியே இருக்கு...

பானைக்குள்ள வைக்கோலும் எருமுட்டையும் போட்டு பத்த வெச்சு, எலி வளை வாசல்ல கவுத்து, பானை அடியில இருக்குற ஓட்டை வழியா ஊதணும். ஊதுறது நான். அடுத்த வாசல்ல எங்க வூட்டுக்காரரு முருகேசன் குந்தியிருப்பாரு. மூச்சு முட்டி வெளிய வர்ற எலிய ஒரே அமுக்கு.

ஆமாங்க. கல்யாணமான புதுசுல நாங்க எலி புடிச்சுத்தான் பொழைச்சோம். இப்ப எங்கூட ஆஸ்பத்திரில வேலை பாக்குற நெறைய பேருக்கு இது தெரியாது. இன்னைக்கு டூட்டி முடிஞ்சு படுத்தும் தூக்கம் வரல... எழுதிட்டேன்.

விக்கிரமங்கலம் பக்கம் சம்பா அறுத்து முடிச்சா எங்களுக்கு வேட்டை. எலிய சுட்டு கறி வெப்போம். ஆனா அத விட பெருசு வளைக்குள்ள இருக்குற நெல்லு. எலி கதிர் கதிரா அறுத்துட்டுப் போயி உள்ள அடுக்கி வெச்சிருக்கும். வரப்ப வெட்டி எடுத்தா அது எங்க நெல்லு. அறுத்த வயல்ல தெளிச்சிருக்குற உளுந்து தலை தூக்குறதுக்குள்ள முடிக்கணும். அப்புறம் வயல்காரங்க கால் வெக்க விட மாட்டாங்க.

எங்கள மாதிரியே இன்னொரு கூட்டம் உண்டு. பிச்சமுத்து அண்ணனும் அவரு தம்பிங்களும். நடுவுல ஒரு வாய்க்கால். அதுக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. யாரு பிரிச்சுக் குடுத்தான்னு தெரியாது. வெட்டப் போற வளை மேல ஒரு பிடி வைக்கோல முடிஞ்சு வெச்சா, அதுக்கு ஆளு இருக்குன்னு அர்த்தம். எங்க நாய் தொரத்துன எலி வாய்க்கால தாண்டிட்டா நாய கூப்ட்டுக்குவோம்.

அதுக்காக ஒட்டி உறவாடுனோம்னு நெனைக்காதீங்க. எங்க வூட்டுக்காரருக்கு அந்த அண்ணன கண்டாலே ஆகாது. "அவனுக்கு மட்டும் எப்பவும் கொழுத்த வரப்பு"ன்னு பொலம்புவாரு.

ஒரு மாசி மாசம். வைக்கோல் போரு ஓரமா ஒரு வளைய கையால நோண்டுனாரு. வெடுக்குன்னு கைய இழுத்தாரு. கண்ணாடி விரியன்...

நான் போட்ட கூச்சல்ல வாய்க்கால தாண்டி மொத ஆளா ஓடி வந்தது பிச்சமுத்து அண்ணன்தான். ரோட்டுல போன டிராக்டர மறிச்சு, இவர தூக்கிப் போட்டு, அரியலூர் பெரியாஸ்பத்திரி வரைக்கும் தலைய மடியில வெச்சுட்டு வந்தாரு. "தூங்காத முருகேசா... என்னை திட்டுறியே, அந்த மாதிரி ஏதாச்சும் திட்டுடா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு.

உசுரு பொழைச்சுது. ஆனா கை மொழங்கை வரைக்கும் வீங்கி கறுத்துப் போச்சு.

நான் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே கெடந்தேன். ஒரு பக்கம் இவரு கை. இன்னொரு பக்கம் வரப்பு நெனப்பு. வூட்டுல அரிசி இல்ல. வைக்கோல் முடிஞ்சு வெச்ச வளை அத்தனையும் இந்நேரம் வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன். காப்பாத்துன மனுசன போயி சந்தேகப்படுறோமேன்னும் இருந்துச்சு... பசி அப்படிங்க.

மாமியாவ காவலுக்கு வெச்சுட்டு வயலுக்குப் போனேன். எங்க பக்கம் வெச்ச முடிச்சு வெச்ச மாதிரியே இருந்துச்சு. அந்தப் பக்கம் அவங்க வரப்பு பூரா வெட்டி முடிஞ்சிருந்துச்சு.

மானம் கறுத்துட்டு வந்துச்சு. காலங்கெட்ட மழை. அண்ணன் வாய்க்கா கரையில நின்னுட்டிருந்தாரு. தாண்டல.

"தங்கச்சி, மழை எறங்குனா உள்ள இருக்குற நெல்லு மொளச்சுடும். நீ ஒரு வார்த்தை சொல்லு. நாங்க வந்து வெட்டித் தரோம்."

"நீங்களே எறங்கியிருக்கலாமேண்ணே..."

"உன் வரப்பும்மா அது. கேக்காம எப்படி?"

பாதிப் பாதி எடுத்துக்கலாம்னு சொன்னேன். அவரு கேக்கல. "எலி எங்களுக்கு, நெல்லு உனக்கு. இருட்டுறதுக்குள்ள வா."

அவங்க வெட்ட, நான் மண்ணோட வாரி வாரி சாக்குல போட்டேன். கடைசி வரப்புல மழை புடிச்சுக்கிச்சு. நனைஞ்சுட்டே முடிச்சோம். அந்த நெல்லுதான் எங்களுக்கு சித்திரை வரைக்கும் சோறு.

இவரு வெரலு ரெண்டு மடங்கவே இல்ல. கடப்பாரை புடிக்க முடியல. பெரம்பலூருக்கு வந்துட்டோம், எனக்கு ஆஸ்பத்திரில கிளீனிங் வேலை கெடச்சுது. கெளம்புறப்ப அண்ணன்கிட்ட போயி, "இனிமே எங்க பக்கத்தையும் நீங்களே பாருங்க"ன்னு இவரே சொன்னாரு.

அண்ணன் தலையாட்டுனாரு. ஆனா அடுத்த தை மாசம் எங்க பக்கம் அவரு எறங்கல. கை சரியாயி முருகேசன் வந்துட்டான்னா என்ன பண்றதுன்னு ஒரு வருசம் அப்படியே விட்டு வெச்சிருக்காரு. எங்கிருந்தோ வேன்ல வந்த ஒரு கூட்டம், வைக்கோல் முடிச்சுன்னா என்னான்னே தெரியாதவங்க, எங்க பக்கம் மொத்தத்தையும் வெட்டிட்டுப் போயிட்டாங்க.

அத சொல்லவே பஸ் ஏறி பெரம்பலூர் வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, "காப்பாத்தி வெக்க முடியலம்மா"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு அவர உள்ள கூப்ட்டு சோறு போட சொன்னாரு.

அண்ணன் போயி சேந்து பல வருசம் ஆச்சு.

போன மாசம் காய்ச்சல்னு நான் லீவு போட்டேன். திரும்பிப் போனா, கீழ் வார்டுல வேற பொண்ணு தொடச்சிட்டிருந்துச்சு. அத்தனை வருசமா நான் பாத்த வார்டு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பொண்ணும் நிமிந்து பாக்கல. அதுக்கும் கொழந்தை குட்டி இருக்கும்... என்னன்னு கேக்குறது?

"நீயே பாரு பாப்பா"ன்னு சொல்லிட்டு பக்கெட்ட தூக்கிக்கிட்டேன். எனக்கு இப்ப மூணாவது மாடி. லிஃப்ட் பேஷண்டுக்கு மட்டுந்தான். படியில பாதியில ஒரு தடவ ஒக்காந்து எந்திரிக்கிறேன்.

முட்டி வலிக்குதுங்க. காலையில ஷிப்ட்டு.