அக்காவின் காலும் அந்தப் பெடலும்

“இந்தப் பெடல் நிக்க மாட்டேங்குது. மிதிச்சுக்கிட்டே இருந்தா கீழ போய்க்கிட்டே இருக்கு.”

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் பொழுது விடிவதே இந்தப் பேச்சில்தான். சொல்பவர் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். கொஞ்சிக் குலாவும் ஓரகத்திகள் இல்லை நாங்கள். தண்ணீர் மோட்டாருக்கும் துணி காயப்போடும் கொடிக்கும் சண்டை போட்டவர்கள். ஆனாலும் அவரைப் பற்றி எழுத வேண்டிய ஆள் நான்தான். ஏன் என்று படித்தால் தெரியும்.

அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மிஷினில் உட்கார்ந்தவர். கால்சட்டைக்கு இடுப்புப் பட்டி தைப்பது அவர் வேலை. அந்த மோட்டார் மிஷினில் காலை ஒரு இம்மி அதிகமாக அழுத்தினால் ஊசி ஓடிவிடும், துணி பாழ். அப்படி அளந்து மிதித்தே பழகிய கால் அது.

மாமாவுக்கு, அதாவது அவர் கணவருக்கு, முதலில் இடுப்பு உடைந்தது. அடுத்த வருடமே சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம், அவரால் உட்கார முடியாது, படுத்துத்தான் போக வேண்டும். ஒருமுறை வந்த வாடகைக் கார்க்காரர் மறுமுறை போனை எடுப்பதில்லை. ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு வரும், வாரம் தவறாமல் வராது. அக்கா வேலையை விட்டார். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பழைய கார் ஒன்றை வாங்கி, பக்கத்துச் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே பலகை வைத்து மெத்தை போட்டார். மாமா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்துத் தெருவில் அவருக்கு மகாராஜா என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டார். “சம்பளமில்லாத டிரைவர், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி” என்பார்.

அந்த வாய் இந்தப் பெடலைப் பற்றித்தான் ஓயாமல் பேசியது. சிக்னலில் நிற்கும்போது பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி வைத்திருந்தால், பிசைந்த மாவில் கால் வைத்த மாதிரி மெல்ல மெல்ல இறங்குமாம். காலை எடுத்து இரண்டு தரம் குத்தினால் மறுபடி கெட்டியாகுமாம். நாளடைவில் குத்திக் குத்தி ஓட்டவே அக்கா பழகிக்கொண்டார். மெக்கானிக்கிடம் மூன்று தரம் போனார். முதல் தரம் மெக்கானிக் பிரேக் கட்டையை மாற்றினார். அடுத்த தரம் குழாயில் காற்று இருக்கும் என்று எடுத்துவிட்டார். மூன்றாம் தரம் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார், நாலு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஒழுகல் இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு எரிந்ததா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா.

“ஒழுகல் இல்ல, விளக்கும் எரியல. வண்டி நல்லாத்தான்க்கா இருக்கு. உங்க கால்தான் இன்னும் தையல் மிஷின்லயே இருக்கு.”

கடையில் எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டில் நானும் சிரித்தேன்.

விளக்கு எரியாததற்குக் காரணம் நான். கார் வாங்கிய புதிதில் ஒரு நாள் அந்த விளக்கு எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்திருக்கும், அதன் குப்பியில் உள்ள கோடு வரைக்கும் ஊற்றுங்கள் என்று மெக்கானிக் போனில் சொன்னார். மிஷினில் குனிந்து குனிந்து தோள்பட்டை போன அக்காவால் பானட்டைத் தூக்க முடியாது. அதனால் அது என் வேலையானது. காலையில் வாசல் கழுவ வாளியோடு போகும்போதே பானட்டைத் தூக்கிப் பார்ப்பேன், குறைந்திருந்தால் ஊற்றுவேன். சாமி விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுகிற மாதிரி. பாட்டில் தீர்ந்தால் இன்னொன்று வாங்கினேன். ஊற்றுகிறது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை, இத்தனை தரம் ஊற்றுகிறேன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. பிரேக் ஆயில் சமையல் எண்ணெய் இல்லை, அது செலவாகிற பொருளே இல்லை என்று யாருக்குத் தெரியும்?

போன செவ்வாய்க்கிழமை மாமாவுக்குக் கால் வீங்கியிருந்தது. தூக்கிவிட ஆள் வேண்டும் என்று நானும் போனேன். பாலத்து இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி நின்றது. அக்கா மிதித்தார். குத்தினார். மறுபடி குத்தினார்.

“பிரேக் இல்ல. மாமாவப் பிடிச்சுக்கோ.”

குரலை உயர்த்தக்கூட இல்லை. கியரைக் குறைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், காரைப் பாலத்துச் சுவரோடு உரசவிட்டார். கண்ணாடி பெயர்ந்தது, ஒரு பக்கத் தகடு முழுக்கக் கிழிந்தது. லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம். பின்னால் வந்த பார்சல் வண்டிக்காரர் பெட்டிகளை ஒதுக்கி மாமாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார். போய்ச் சேர்வதற்குள் எங்கள் முறையில் பாதி நேரம் போய்விட்டது, இரண்டு மணி நேரம்தான் ரத்தச் சுத்திகரிப்பு கிடைத்தது.

மறுநாள் மெக்கானிக் கடையில் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் உருண்டையாக ஒரு டப்பா இருக்கிறது. அதைச் சாய்த்ததும் எண்ணெய் கொட்டியது.

“உள்ள ரப்பர் சீல் போயிடுச்சு. வெளிய ஒழுகாம எல்லாத்தையும் இந்த டப்பா குடிச்சிருக்கு. பெடல் இறங்கினதும் இதனாலதான். ஆமா, எவ்வளவு ஆயில் ஊத்துனீங்க?”

“நாலு பாட்டில்” என்றேன்.

மெக்கானிக் என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தார்.

“ஒரு நாள் நீ ஊத்தாம விட்டிருந்தா, விளக்காவது எனக்காகப் பேசியிருக்கும்டி.”

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பழைய காருக்குப் புது சிலிண்டர் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். வியாழக்கிழமை முறை போய்விட்டது, வண்டி கிடைக்கவில்லை. சனிக்கிழமையும் விட்டால் பொறுப்பேற்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, மகாராஜா பேச்சையே காணோம். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து போன் மேல் போன் போடுகிறார். அவருடைய வலது கால் கீழ்ப்படியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை.

அதனால் இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களைக் கேட்கிறேன். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வண்டி வைத்திருப்பவர்கள் நாளைக் காலை ஆறு மணிக்குள் மேலே போய் அவர்களைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு நீலக் கதவு, வெளிப்படி ஏறினால் மாடி. புறப்படும் முன் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து முப்பது வரை எண்ணுங்கள். கால் இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள், வேறு யாரையாவது அனுப்புங்கள். வண்டி இல்லாதவர்களும் போங்கள். அக்கா பெடலைப் பற்றித்தான் சொல்வார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாமல் முழுக்கக் கேளுங்கள்.